மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் அமாவாசையும் கிருத்திகையும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் மேலேயே அம்மா சிவப்புப் பேனாவால் மு, ரெ, நை என்று எழுதியிருப்பார். முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், நைட். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர், பெர்மனென்ட். ஒவ்வொரு ஷிஃப்ட்டும் ஒரு வாரம். மூன்று வாரத்தில் சுற்று முடிந்து மறுபடி மு. நெய்வேலி டவுன்ஷிப்பில் அநேகமாக எல்லா வீட்டுக் காலண்டரும் அப்படித்தான் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட, "அந்த வாரம் ரெண்டாம் ஷிஃப்ட்டு, அதுக்கடுத்த வாரம் வாங்க" என்பார்கள். வருகிறவர்களும் அதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 2012 ஜூன் கடைசியில். அரசியல் அறிவியலும் சமூகவியலும் சம எடையுள்ள இரட்டைப் பாடமாக மூன்றாண்டு பி.ஏ., தமிழ் வழி. எங்கள் பிளாக்கில் அது யாருக்கும் பிடிபடவில்லை. அங்கே படிப்பு என்றால் இன்ஜினீயரிங், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா கொடியிலிருந்து துணி எடுத்தபடியே கேட்டார்.

"பாலிடிக்ஸா? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?"

"இல்லக்கா. அதோட சோஷியாலஜியும்."

"ரெண்டையும் சேத்துப் படிச்சா என்னவா ஆவாங்க?"

அம்மா உள்ளேயிருந்தே பதில் சொன்னார். "ஓட்டு கேட்டு வர்றவன் யாரு வீட்டு மருமகன்னு கண்டுபிடிப்பா."

அதைவிடச் சுருக்கமான விளக்கம் அடுத்த மூன்று ஆண்டுகளில் வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு துறைகளும் இரண்டு கட்டடங்களில் இருந்தன. நடுவில் சைக்கிள் ஸ்டாண்டு. காலையில் ஒன்று, மதியம் மற்றொன்று. அரசியல் பேராசிரியர் எதைப் பற்றிப் பேசினாலும், "முடிவெடுத்தது யாரு? அத மொதல்ல எழுதுங்க" என்பார். சமூகவியல் பேராசிரியை அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். "முடிவெடுத்தவரு யாரு வீட்டுல கை நனைப்பாரு, யாரு வீட்டுல நனைக்க மாட்டாரு? அத எழுதுங்க" என்பார். ஊராட்சித் தேர்தல் என்ற ஒரே விஷயம் காலை நோட்டில் வார்டு, இட ஒதுக்கீடு, அதிகாரம் என்று இருக்கும். மதிய நோட்டில் வாக்குச்சாவடி எந்தத் தெருவில் இருந்தது, அந்தத் தெருவுக்குள் யார் செருப்போடு போனார்கள் என்று இருக்கும். நான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி போடுகிறவள். தேர்வுக்கு முன் இரண்டு நோட்டையும் ஒரே தேதியில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். ஒரே நாள், இரண்டு கணக்கு. எனக்கு அந்தப் படிப்பில் பிடித்தது அதுதான்.

முதல் வாரத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஊரைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் பழக்கத்தில் பிளாக் எண்ணையும் குவார்ட்டர்ஸ் டைப்பையும் சொல்லிவிட்டேன். டவுன்ஷிப்பில் அது போதும். அப்பாவின் கிரேடு, வீட்டில் எத்தனை அறை, பின்னால் தோட்டம் உண்டா என்பது வரை கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்தவள் என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

"அது எந்த ஊருடி? நம்பர்லயா ஊரு இருக்கும்?"

அவள் சேத்தியாத்தோப்புக்கு அருகில் ஒரு கிராமத்துக் காலனியைச் சேர்ந்தவள். அவள் வீட்டில் சொந்த நிலம் எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா கொத்தனார், அண்ணன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டினான். காலையில் நான் ஏறி வரும் பஸ்ஸில் அவள் சேத்தியாத்தோப்பில் ஏறுவாள். இடம் பிடித்து வைப்பது என் வேலை. அவளுக்கு வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் வந்தது. அவள் தேதி போடமாட்டாள். எது எப்போது நடந்தது என்று கேட்டால், "நாத்து நட்டுக்கினு இருந்தாங்க, அப்ப" என்பாள்.

மூன்றாம் ஆண்டில் இருவர் சேர்ந்து ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டி. நாங்கள் எடுத்துக்கொண்டது சேத்தியாத்தோப்புக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரின் காலனித் தெரு. வயல் வேலையை விட்ட ஆண்களில் பலர் அங்கிருந்து சுரங்கத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். வேலை மாறியவர்கள் ஓட்டு போடுவதை யார் சொல்லி முடிவெடுக்கிறார்கள் என்பது கேள்வி. என் தோழியின் சின்னம்மா அந்தத் தெருவில் இருந்தார். ஆகவே உள்ளே போக வழி இருந்தது.

போய்வர வண்டி வேண்டும். அப்பாவின் ஸ்கூட்டர்தான் வீட்டில் ஒன்று. முதல் ஷிஃப்ட் வாரம் விடியும் முன்பே அவரோடு போய்விடும். இரண்டாம் ஷிஃப்ட் வாரம் மதியம் ஒன்றேகாலுக்குப் போகும். நைட் வாரத்தில் மட்டும் அவர் காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்து நான்கு மணிக்கு எழுவார்; அதுவரை வண்டி சும்மா நிற்கும். அவளுக்குச் சனிக்கிழமை நண்பகல் வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். ஆகவே நை எழுதியிருக்கும் சனிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிக்கொண்டு, ஒரு மணிக்கு அந்தத் தெருவில் இருப்போம். மூன்றுக்குக் கிளம்பிவிடுவோம். 2014 நவம்பர் இரண்டாம் சனி, ஐந்தாம் சனி, டிசம்பர் மூன்றாம் சனி, அடுத்த ஜனவரியில் இரண்டாம் சனி, கடைசிச் சனி. ஐந்து முறை. முப்பத்தொரு படிவங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் பேச ஆரம்பித்த மணியும் முடித்த மணியும் நான் எழுதினேன்.

சின்னம்மா ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் வரவேற்றார்.

"வந்துட்டாளுவ எழுதறவளுவ. சோறு துன்னுட்டு எழுதுங்கடி, பேப்பரு எங்கியும் ஓடிடாது."

சாப்பிட்ட பிறகு அவரே வீடு வீடாகப் போய்க் குரல் கொடுப்பார். "ஏ மச்சான், எழுந்துரு. காலேஜு பொண்ணுங்க வந்துகினு கீதுங்க. ராத்திரிக்குத் தூங்காததயெல்லாம் இப்பவே தூங்கிக் கழிச்சிடுவியா?"

ஆண்கள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவார்கள். கண் சிவந்திருக்கும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் மண்ணை வாரும் வேலை அவர்களுடையது.

"கேளு பாப்பா. என்னா கேக்கணும்?"

"போன ஊராட்சித் தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னு எப்படிண்ணே முடிவு பண்ணீங்க? யாருக்குன்னு சொல்ல வேணாம்."

"அண்ணன் சொன்னாப்புல. அதான்."

அண்ணன் என்பது அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட மேஸ்திரி. அதே தெருவின் மேற்குக் கோடியில் இருந்தார். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதற்கடுத்த வீட்டிலும் அதே. விசாரித்தால் எல்லோரும் பங்காளிகள், அல்லது அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள். ஜனவரிக்குள் எங்களுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது: இந்தத் தெருவில் வேலையும் ஓட்டும் ஒரே உறவுக் கிளை வழியாக வருகின்றன; தெரு முழுக்க ஒரே ஆளாக முடிவெடுக்கிறது.

அரசியல் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "யாரு முடிவெடுக்கறாங்கன்னு சந்தேகமே இல்லாம வந்திருக்கு" என்றார். பேராசிரியை உறவுமுறைப் படத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் இருவரும் ஒரே தாளைப் பார்த்து மகிழ்ந்தது அப்போதுதான்.

அந்த மகிழ்ச்சி என் தோழிக்குத் தேவைப்பட்டது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க அவளுக்கு இடம் சொல்லியிருந்தார்கள், ஹாஸ்டலோடு. முதல் வகுப்பு வந்தால் இடம் உறுதி. வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஆய்வேட்டுக்கு இரண்டு தாள்களின் மதிப்பெண். அதில் நன்றாக வந்தால் முதல் வகுப்பைத் தாண்டிவிடுவாள் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். எனக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. டவுன்ஷிப்பிலேயே ஒரு பள்ளியில் நூலக வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்கு வகுப்பு முக்கியமில்லை.

2015 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறன்று சமையலறையில் உட்கார்ந்து பின்னிணைப்புக்கான தேதிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். தேதிகளைச் சரிபார்க்க ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். பழைய ஆண்டுக் காலண்டரையும் அம்மா பின்னாலேயே தொங்கவிட்டிருந்தார். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ போன நாளா? நல்லா இருக்கே. நான் தூங்குற அன்னைக்கா பாத்துப் போயிருக்க. அங்கயும் எல்லாரும் தூங்கிட்டுத்தான் இருந்தாங்களா?"

"ஆமாப்பா. அவளோட சின்னம்மா போய்த்தான் எழுப்புவாங்க" என்றேன். சொல்லிக்கொண்டே அடுத்த தேதியை எழுதினேன். எழுதிய பிறகுதான் பேனா நின்றது.

ஐந்து தேதியிலும் நை. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்பாவோடு அதே வாரம் நைட் பார்த்தவர்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதே மூன்று வாரச் சுற்றுதான். மேஸ்திரி ஒவ்வொருவரும் தன் ஆட்களை மொத்தமாக ஒரே ஷிஃப்ட்டில் வைத்திருப்பார் என்பது டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மணிக்கு நாங்கள் போகும்போது இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களின் வேன் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முதல் ஷிஃப்ட் ஆட்கள் திரும்ப மூன்றரைக்கு மேல் ஆகும். நாங்கள் அந்தத் தெருவின் மூன்றில் ஒரு பங்கை ஐந்து முறை பார்த்திருக்கிறோம். ஒரே மேஸ்திரியின் ஆட்களை மட்டும் கேட்டுவிட்டு, எல்லோரும் ஒரே மேஸ்திரி பேச்சைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறோம்.

மறுநாள் பஸ்ஸில் என் தோழியிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேணும்னுதான் அந்த நேரத்துக்கு வரேன்னு நெனச்சேன்டி. ஷிஃப்ட்டு வீட்டுப் பொண்ணு, எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வருவேன்னு."

"நீதானே அந்த ஊருக்காரங்க சொந்தம்? யாரு இல்ல, யாரு இருக்கான்னு உனக்குத் தெரியும்னு நான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியும். மத்தவங்க வேலைக்குப் போயிருக்காங்கன்னு தெரியும். நீ கேக்கலயே."

அன்று மாலை வகுப்பு முடிந்து இருவரும் பஸ்ஸிலேயே அந்த ஊருக்குப் போனோம். மெயின் ரோட்டில் இறங்கி நடந்தோம். ஐந்தரை மணி. தெரு வேறு தெருவாக இருந்தது. நாங்கள் பார்த்தேயிராத ஆண்கள் சைக்கிளைக் கழுவிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தார்கள். இருட்டுவதற்குள் ஏழு பேரிடம் பேசினோம். ஏழு பேரும் ஏழு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் மனைவி சொன்ன ஆளுக்கு ஓட்டு போட்டிருந்தார். ஒருவர் ஓட்டே போடவில்லை. அண்ணன் என்று நான் ஆரம்பித்ததும் ஒருவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எந்த அண்ணன்? மேற்குக் கோடி அண்ணனா? அவரு சொல்றத அவரு மச்சானுங்க கேப்பானுங்க. நாங்க எதுக்கும்மா கேக்கணும்? அந்தக் கோஷ்டி சொன்னத எங்க தெரு சொன்னதா எழுதிக்கினு போறீங்களா?"

"இல்லண்ணே, அதத்தான் சரி பண்ண வந்தோம்."

"மூணு மாசமா வந்துகினு இருந்தீங்களே. ஒருநாளு சாயங்காலம் வரக் கூடாதா?"

திரும்பும் பஸ்ஸுக்காக நிற்கும்போது என் தோழி மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏழு பேரு. ஏழு பேர வெச்சு புதுசா ஒண்ணும் எழுத முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடியும் முப்பது பேரப் பாக்கவும் முடியாது. அதனால இருக்கறத அப்படியே குடுத்துடலாம்."

"தப்புன்னு தெரிஞ்சே?"

"தேதிப் பட்டியல் மட்டும் போடாத. அது இல்லன்னா யாருக்கும் தெரியாது. போன வருஷம் குடுத்தவங்க யாருமே தேதி போடல, நான் லைப்ரரில பாத்தேன். நீதான் பால்காரன் கணக்கு மாதிரி எல்லாத்துக்கும் தேதி போட்டுக்கினு இருக்க."

"தேதிய எடுத்துட்டா என்கிட்ட வேற ஒண்ணும் இல்லடி."

"எனக்கு மெட்ராஸ்ல சீட்டு இருக்கு" என்றாள்.

அன்றைய குறிப்பேட்டில் இந்தப் பேச்சை நான் எழுதியிருக்கிறேன். பஸ் வந்த நேரமும் இருக்கிறது. தேதியை விடாமல் வைத்திருப்பதால் எனக்குப் போகப் போவது எதுவும் இல்லை, போவதெல்லாம் அவளுடையது என்பதை மட்டும் எழுதவில்லை. அதை எழுதாததை நான் கவனித்தது வெகு நாட்கள் கழித்து.

புதன்கிழமை மந்தாரக்குப்பத்தில் ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்தோம். பின்னிணைப்பு வந்ததும் கடைக்காரர், "இது இருக்கணுமா?" என்று கேட்டார். அவளும் என்னைப் பார்த்தாள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போடமாட்டேன் என்றால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"இருக்கட்டும்" என்றாள் அவள். "ஆனா முடிவுரைய நான் சொல்றேன், அடிங்க. இவ வாயத் தொறக்கக் கூடாது."

அவள் ஒரு தாளும் இல்லாமல் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். நாங்கள் கேள்வி கேட்டவர்கள் ஒரு ஷிஃப்ட்டின் ஆட்கள். ஆகவே இந்த ஆய்வு ஒரு ஷிஃப்ட்டைப் பற்றியது. தெருவைப் பற்றி எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள மாலையில் போக வேண்டும். பின்னால் ஏழு பேர் சொன்னதையும் சேர்த்தாள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். அந்த ஆய்வேட்டில் நல்ல உரைநடை என்றால் அந்த ஒன்றரைப் பக்கம்தான்.

வழிகாட்டிகள் இருவரும் தனித்தனியாக வருத்தப்பட்டார்கள். உறவுமுறைப் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னவர், "ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா தலைப்பையே மாத்தியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்க முடியாது, எங்களுக்கே தெரியாது. ஏப்ரலில் நேர்முகத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராகப் பின்னிணைப்பைத் திறந்தார்.

"எல்லாமே சனிக்கிழமை. மூணு வாரத்துக்கு ஒருதரம். இது என்ன சாம்பிள் எடுக்கற முறை?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோழி சொன்னாள். "அன்னைக்குத்தாங்க சார் இவங்க அப்பா வண்டி சும்மா நிக்கும்."

அவர் சிரித்தார். முடிவுரையை நேர்மையாக எழுதியிருப்பதாகவும் சொன்னார். ஆனால் ஆய்வு நிற்கவில்லை என்றும் சொன்னார். மதிப்பெண் அதற்குத் தகுந்தபடிதான் வந்தது. ஜூன் முதல் வாரம் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு இரண்டாம் வகுப்பு. அவளுக்கு முதல் வகுப்புக்கு நான்கு மதிப்பெண் குறைவு. சென்னை இடம் போயிற்று.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒருமுறை எடுத்து, வளையமாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். பிறகு மறுபடி எடுக்கவில்லை. நான் நூலக வேலையில் சேர்ந்தேன். புத்தகங்களின் பின்னால் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்துவது என் வேலை. அதில் என்மேல் யாருக்கும் குறை இருக்கவில்லை.

2016 ஜூனில் அவளே கூப்பிட்டாள்.

"கெடச்சிடுச்சிடி. வேற எடம், ஆனா மெட்ராஸ்தான். இந்த வாட்டி மார்க்கு மட்டும் பாக்கல, எழுதினத ஏதாவது அனுப்பச் சொன்னாங்க. அந்த ஒன்றரைப் பக்கத்த அனுப்பினேன்."

"பின்னிணைப்போடயா?"

"இல்லாம? அது இல்லன்னா அந்தப் பக்கம் புரியாதே." பிறகு, "ஒரேயடியா சந்தோஷப்பட்டுக்காத. ஒரு வருஷம் போச்சு எனக்கு" என்றாள்.

"தெரியும்."

"திங்கக்கிழமை கிளம்பறேன். பெரிய பெட்டி இருக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விடறியா?"

காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமையில் ரெ என்று இருந்தது. வண்டி மதியம் ஒன்றேகாலுக்கு அப்பாவோடு போய்விடும். அவள் பஸ் மூன்று மணிக்கு. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எடுத்துட்டுப் போ. நான் ஷிஃப்ட்டு பஸ்ல போயிக்கறேன். முக்குலதானே நிக்குது."

ஷிஃப்ட் பஸ் எங்கள் தெரு முனையில் தினமும் மூன்று வேளை நின்றது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நின்றது.

திங்கட்கிழமை பெட்டியை முன்னால் வைத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாள்.

"இன்னைக்கு உங்கப்பாவுக்கு என்ன ஷிஃப்ட்டு?"

"ரெண்டாவது."

"அப்ப வண்டி எப்படிக் கெடச்சுது?"

"கேட்டேன். குடுத்தாரு."

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

"நவம்பர்லயே கேட்டிருந்தா?"

"குடுத்திருப்பாரு."

"அதையும் எழுதி வெச்சுக்கோ" என்றாள். பஸ் மூன்று பத்துக்குக் கிளம்பியது.